கையில் காசு, கண்ணில் செடி: ஜோசஃப் பேங்க்ஸ் பற்றி வாசகர் கேள்விகள்

பிரிட்டிஷ் கடற்படையின் கேப்டன் ஜேம்ஸ் குக் எண்டெவர் கப்பலில் பசிபிக் பக்கம் போன முதல் பயணத்தில் (1768-71) கூடவே போன செல்வந்தர் ஜோசஃப் பேங்க்ஸ் பற்றி சென்ற இதழில் நாலைந்து வரிதான் எழுதியிருந்தோம். அதற்கு வந்த கேள்விகளே இந்தப் பகுதி முழுவதற்கும் போதுமானதாக இருப்பதால் இந்த முறை அவர் ஒருவர்தான்.

பணம் இருந்ததால்தானே அவருக்கு அந்தக் கப்பலில் இடம் கிடைத்தது? அவரை விஞ்ஞானி என்று சொல்வது சரியா? (ஒரு கல்லூரி மாணவி)

பணம் இருந்ததால்தான் கிடைத்தது, அதில் சந்தேகமே வேண்டாம். 1743-ல் லண்டனில் பிறந்தவர். குடும்பத்துக்கு லிங்கன்ஷயரில் ரெவஸ்பி என்ற இடத்தில் பெரிய நிலபுலன்கள். 1761-ல் அப்பா இறந்துவிட, 21 வயது நிரம்பியதும் மொத்தச் சொத்தும் பையன் கைக்கு வந்தது. வருடத்துக்குச் சுமார் 6000 பவுண்டு வருமானம். அந்தக் காலத்தில் இப்படிப்பட்ட வீட்டுப் பிள்ளைகள் பிரான்ஸ், இத்தாலி என்று ஒரு சுற்று போய்ச் சிலைகளும் ஓவியங்களும் வாங்கிக்கொண்டு வந்து, கல்யாணம் செய்துகொண்டு, நாடாளுமன்றத்தில் ஓர் இடம் பிடித்து உட்கார்ந்துவிடுவார்கள்.

ஆனால் இவருக்குச் செடிப் பைத்தியம் பணம் கைக்கு வருவதற்கு முன்பே பிடித்துவிட்டது. ஈட்டன் பள்ளியில் படிக்கும்போது, மருந்துக்கடைகளுக்கு மூலிகை பறித்து விற்கும் பெண்களிடம் போய், ஒவ்வொரு செடியைப் பற்றியும் சொல்லச் சொல்லி ஆறு பென்ஸ் கொடுத்துக் கேட்டுக்கொள்வாராம். வகுப்பறையில் லத்தீனும் கிரேக்கமும் ஏறாத பையனுக்கு முதல் தாவரவியல் ஆசிரியர்கள் அந்தப் பெண்கள்தான். அப்புறம் ஆக்ஸ்ஃபோர்டு போனார். அங்கே தாவரவியல் பேராசிரியர் என்று ஒருவர் இருந்தார், பாடம் மட்டும் நடத்துவதில்லை. பேங்க்ஸ் கேம்பிரிட்ஜுக்குப் போய் இஸ்ரேல் லயன்ஸ் என்ற இளைஞரைத் தன் செலவில் அழைத்து வந்து ஆக்ஸ்ஃபோர்டில் பாடம் நடத்த வைத்தார். பணத்தை அவர் எப்படிப் பயன்படுத்தப்போகிறார் என்பது இந்த ஒரு காரியத்திலேயே தெரிந்துவிடுகிறது. தெரியாததைத் தெரிந்தவரிடம் காசு கொடுத்துக் கற்றுக்கொள்வது, அதுவும் தனக்கு மட்டும் என்றில்லாமல்.

எண்டெவர் அவருடைய முதல் கப்பலும் இல்லை. 1766-லேயே நைஜர் என்ற போர்க்கப்பலில் நியூஃபவுண்ட்லாந்து, லாப்ரடார் வரை போய், குளிரிலும் காய்ச்சலிலும் அடிபட்டு, செடிகளும் பறவைகளும் சேகரித்துக்கொண்டு வந்தவர். லண்டனின் அறிவியல் சங்கமான ராயல் சொசைட்டி அவரை உறுப்பினராக்கியது அதே வருடம்தான். பெரிய கோட்பாடு எதையும் அவர் எழுதவில்லை என்பது உண்மை. ஆனால் காட்டில் நடந்து, செடியைப் பிடுங்கி, சுவீடன் தாவரவியலாளர் லின்னேயஸ் வகுத்த பெயரிடும் முறைப்படி வகைப்படுத்தத் தெரிந்தவரை விஞ்ஞானி என்று சொல்ல எனக்குத் தயக்கம் இல்லை.

எண்டெவர் பயணத்துக்கு அவர் எவ்வளவு செலவு செய்தார்? (ஓய்வுபெற்ற வங்கி ஊழியர்)

அந்தக் காலத்திலேயே 10,000 பவுண்டு ஆகும் என்று பேசிக்கொண்டார்கள். ஜான் எல்லிஸ் என்ற இயற்கையாளர் சுவீடனில் இருந்த லின்னேயஸுக்கு எழுதிய கடிதத்தில் இந்தத் தொகை வருகிறது. பசிபிக் கடலில் உள்ள தஹிதித் தீவில் இருந்து, வெள்ளிக் கோள் சூரியனுக்குக் குறுக்கே கடப்பதைப் பார்ப்பதற்காக மன்னர் ராயல் சொசைட்டிக்குக் கொடுத்த மானியமே 4000 பவுண்டுதான் என்பதையும் சேர்த்துப் பாருங்கள். கப்பலையும் மாலுமிகளையும் கடற்படை கொடுத்தது, சரி. ஆனால் நூலகம், பூச்சி வலைகள், பவளம் இழுக்கும் கொக்கிகள், மாதிரிகளை ஊறவைக்கும் சாராய ஜாடிகள், தண்ணீருக்குள் விட்டு அடியைப் பார்க்கும் ஒரு தொலைநோக்கி, ஓவியர்கள், வேலையாட்கள், இரண்டு நாய்கள் வரை எல்லாமே பேங்க்ஸ் கணக்கு. இயற்கை வரலாற்றுக்காக இதைவிட நல்ல ஏற்பாட்டோடு யாரும் கடலுக்குப் போனதில்லை என்று எல்லிஸ் அதே கடிதத்தில் எழுதுகிறார்.

அந்தப் பயணத்தில் உண்மையில் என்ன நடந்தது? சற்று விரிவாகச் சொல்லுங்கள். (பலர் கேட்டிருக்கிறார்கள்)

1768 ஆகஸ்ட் கடைசியில் பிளைமவுத்தில் இருந்து கிளம்பினார்கள். எண்டெவர் பழைய நிலக்கரிக் கப்பல், அதற்குள் 90 பேருக்கு மேல் நெருக்கியடித்துக்கொண்டு இருந்தார்கள். பேங்க்ஸின் குழு அவரையும் சேர்த்து ஒன்பது பேர். லின்னேயஸின் மாணவரான டேனியல் சோலாண்டர், எழுத்தர் ஹெர்மன் ஸ்போரிங், ஓவியர்கள் சிட்னி பார்க்கின்சன், அலெக்சாண்டர் புக்கன், வேலையாட்கள் ஜேம்ஸ் ராபர்ட்ஸ், பீட்டர் பிரிஸ்கோ, தாமஸ் ரிச்மண்ட், ஜார்ஜ் டோர்ல்டன். இந்தப் பெயர்களை மறந்துவிடாதீர்கள், இவர்களில் பாதிக்கு மேற்பட்டவர்கள் வீடு திரும்பவில்லை.

முதல் அடி தென் அமெரிக்காவின் கடைக்கோடியில், டியரா டெல் ஃபூகோவில் விழுந்தது. 1769 ஜனவரி. தெற்கே அது கோடைக்காலம், ஒரே நாளில் மலையேறிச் செடி பறித்துவிட்டுத் திரும்பிவிடலாம் என்று ஒரு கூட்டமாகக் கிளம்பினார்கள். தூரத்தில் புல்வெளியாகத் தெரிந்தது பக்கத்தில் போனதும் இடுப்பளவு புதரும் கீழே சதுப்பும். புக்கனுக்கு வலிப்பு வந்துவிட்டது. பொழுது சாயும் நேரத்தில் பனி கொட்டத் தொடங்கியது. உட்கார்ந்தால் தூக்கம் வரும், தூங்கினால் எழுந்திருக்க மாட்டோம் என்று எச்சரித்த சோலாண்டரே முதலில் படுக்க வேண்டும் என்று அடம்பிடித்தார், அவரை எப்படியோ இழுத்துக்கொண்டு போய் நெருப்பின் பக்கத்தில் சேர்த்தார்கள். ரிச்மண்டையும் டோர்ல்டனையும் கொண்டுவர முடியவில்லை. ஒரு புட்டி ரம் அவர்கள் கையில் இருந்தது, குடித்துவிட்டுப் பனியிலேயே கிடந்தார்கள். விடிந்து போய்ப் பார்த்தபோது இருவரும் இறந்திருந்தார்கள், கூடவே இருந்த நாய் மட்டும் உயிரோடு பிணத்தின் பக்கத்தில். மிச்சம் இருந்தவர்கள் ஒரு கழுகைச் சுட்டு, ஆளுக்கு மூன்று வாய் வீதம் பங்கு போட்டுத் தின்றுவிட்டு நடந்தால், சுமார் மூன்று மணி நேரத்தில் கடற்கரை வந்துவிட்டது. முதல் நாள் அரைவட்டமாகச் சுற்றி வந்து, நினைத்ததைவிடக் கரைக்குப் பக்கத்தில் இரவைக் கழித்திருக்கிறார்கள்.

அந்த இருவரும் கறுப்பினத்தவர்கள். பெரும்பாலான வரலாறுகளில் இந்த ஓர் இரவுக்காக மட்டும் அவர்கள் பெயர் வரும், அதோடு சரி. ஒரு செல்வந்தரின் ஆர்வத்துக்குக் கூட வந்தவர்கள் என்ன விலை கொடுத்தார்கள் என்பதற்கு இதைவிட நேரடியான சாட்சி வேண்டாம்.

1769 ஏப்ரலில் தஹிதி. வந்து சில நாட்களிலேயே புக்கன் இறந்துபோனார். நிலக்காட்சியும் மனிதர்களையும் வரைய வேண்டியவர் போய்விட்டதால், செடிகளை வரைய வந்த பார்க்கின்சன் தலையிலேயே எல்லாம் விழுந்தது. ஈக்கள் கூட்டம் கூட்டமாக வந்து தாளில் பூசிய வண்ணத்தைப் பூசப் பூசத் தின்றுவிடுகின்றன என்று பேங்க்ஸ் குறிப்பேட்டில் எழுதுகிறார். வலை கட்டி அதற்குள் உட்கார்ந்து வரைய வேண்டியிருந்தது. வெள்ளியைப் பார்க்கக் கொண்டுவந்த கோண அளவி திருடுபோனபோது, தீவுக்குள் வெயிலில் ஓடிப் போய் மீட்டு வந்தவர்களில் முன்னால் நின்றவர் பேங்க்ஸ்தான். அங்கே அவர் மொழி கற்றுக்கொண்டார். ஒரு துக்கச் சடங்கில் உடைகளைக் களைந்து உடம்பெல்லாம் கரி பூசிக்கொண்டு ஊர்க்காரர்களோடு ஓடினார். தன் வகுப்பைச் சேர்ந்த இங்கிலாந்துக்காரர் ஒருவர் அந்தக் காலத்தில் செய்யத் துணியாத காரியம் இது.

அங்கிருந்து நியூசிலாந்து, பிறகு 1770 ஏப்ரல் 29-ல் ஆஸ்திரேலியாவின் கிழக்குக் கரை. க்வீகல் மக்களில் இரண்டு பேர் ஈட்டிகளோடு கரையில் நின்று, இறங்காதே என்று தடுத்தார்கள். குக்கின் ஆட்கள் துப்பாக்கியால் சுட்டுவிட்டு இறங்கினார்கள். ஒரு வார காலத்தில் பேங்க்ஸும் சோலாண்டரும் அள்ளிய செடிகளின் எண்ணிக்கையால்தான் அந்த இடத்துக்கு பாட்டனி பே என்ற பெயரே வந்தது. அதன்பின் ஜூனில் பெரும் பவளத்திட்டில் கப்பல் மோதி ஓட்டை விழுந்து, கனமானதையெல்லாம் கடலில் எறிந்து, இரவு பகலாகத் தண்ணீர் இறைத்து, எப்படியோ ஓர் ஆற்று முகத்தில் கரை சேர்த்தார்கள். பழுது பார்க்கத் தங்கிய அந்த ஏழு வாரங்களில்தான் கங்காருவைப் பக்கத்தில் பார்த்தார்கள்.

இத்தனையும் தாண்டி வந்த ஆட்களை விழுங்கியது படேவியா, இன்றைய ஜகார்த்தா. டச்சுக்காரர்கள் வெட்டிய கால்வாய்களின் தேங்கிய தண்ணீர், மலேரியா, சீதபேதி. பேங்க்ஸும் சோலாண்டரும் சாவின் விளிம்பு வரை போய்த் தப்பினார்கள். ஸ்போரிங், பார்க்கின்சன், வானியலாளர் சார்லஸ் கிரீன் எல்லோரும் அங்கிருந்து கிளம்பிய பிறகு நடுக்கடலில் இறந்தார்கள். 1771 ஜூலையில் இங்கிலாந்தில் இறங்கியபோது பேங்க்ஸ் குழுவின் ஒன்பது பேரில் மிச்சம் நான்கு பேர்.

கப்பல் ஈரத்தில் செடிகள் அழுகாமல் மூன்று வருடம் எப்படிக் காப்பாற்றினார்கள்? (தாவரவியல் ஆசிரியர்)

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி. செடியை வெறும் தாள்களுக்கு நடுவில் வைத்து அழுத்த வேண்டும், தாள் ஈரத்தை உறிஞ்சும், ஈரத்தாளை எடுத்துவிட்டு உலர்ந்த தாள் மாற்ற வேண்டும், இதையே திரும்பத் திரும்பச் செய்ய வேண்டும். கடலில் தாளே காய்வதில்லை என்பதுதான் தொல்லை. பாட்டனி பேயில் சேகரம் அளவுக்கு மீறிப் போனதும், பேங்க்ஸ் ஒரு நாள் முழுக்க மற்ற வேலைகளை விட்டுவிட்டு, சுமார் 200 கட்டுத் தாள்களையும் கரைக்குக் கொண்டுபோய், கப்பலின் பாய்மரத் துணி ஒன்றை விரித்து அதன் மேல் வெயிலில் பரப்பி, வெயிலுக்கேற்பத் திருப்பித் திருப்பிப் போட்டுக்கொண்டே இருந்தார். நல்ல நிலையில் கப்பலுக்குத் திரும்பக் கொண்டுவந்தார். தாள்களில் ஒரு பகுதி, மில்டனின் ‘பாரடைஸ் லாஸ்ட்’ காவியத்துக்கு அடிசன் எழுதிய விளக்கவுரையின் விற்காத அச்சுத்தாள்கள். இன்றும் அந்த அச்செழுத்துகளுக்கு நடுவே ஆஸ்திரேலியச் செடிகளைப் பார்க்கலாம்.

கப்பலைப் பழுது பார்க்கக் கரையில் சாய்த்தபோது உள்ளே கிடந்த தண்ணீர் பின்பக்கம் இறங்கி, ரொட்டி அறையில் பத்திரமாக வைத்திருந்த செடிகளை நனைத்துவிட்டது. பெரும்பகுதியை உலர்த்தி மீட்டார்கள், கொஞ்சம் நாசமானது. இவ்வளவுக்கும் பிறகு சுமார் 30,000 உலர் மாதிரிகள் லண்டன் வந்து சேர்ந்தன, அதில் ஏறத்தாழ 1400 இனங்கள் அறிவியலுக்குப் புதியவை.

பார்க்கின்சன் வேகத்தையும் சொல்ல வேண்டும். செடி வாடுவதற்குள் வரைய வேண்டும் என்பதால், பாட்டனி பே நாட்களில் 14 நாளில் 94 வரைவுகள் போட்டார் என்று பேங்க்ஸ் கணக்கு எழுதி வைத்திருக்கிறார். ஓர் இலை, ஒரு பூவுக்கு மட்டும் நிறம் தீட்டி, மிச்சத்தைப் பிறகு முடித்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடுவார். அந்தப் பிறகு அவருக்கு வரவில்லை.

ஸ்கர்வி நோய் வந்ததா? (மருத்துவ மாணவர்)

காய்கறியும் பழமும் இல்லாத நீண்ட பயணங்களில் வரும் அந்த நோய் பேங்க்ஸுக்கே வந்தது. ஈறு வீங்கி வாய்க்குள் கொப்புளம் வந்ததும், கையோடு கொண்டுபோயிருந்த காய்ச்சிச் சுருக்கிய எலுமிச்சைச் சாறைக் குடிக்க ஆரம்பித்தார். ஒரு வாரத்துக்குள் ஈறு சரியாகிவிட்டது என்று அவரே எழுதியிருக்கிறார். எலுமிச்சைச் சாற்றைக் கடற்படை முழுவதற்கும் கொடுக்கத் தொடங்கியது 1795-ல்தான்.

துப்பாயா என்ற தஹிதி மனிதரை பேங்க்ஸ் வளர்ப்பு மிருகம்போல நடத்தினார் என்று படித்தேன். உண்மையா? (ஒரு வாசகி)

குறிப்பேட்டில் அந்த வரி இருக்கிறது, மறைக்க முடியாது. பக்கத்து வீட்டுச் செல்வந்தர்கள் சிங்கமும் புலியும் வளர்க்கிறார்களே, அதைவிடக் குறைந்த செலவில் நான் இவரை வைத்துக்கொள்ளக் கூடாதா என்ற பொருளில் எழுதுகிறார். படிக்கும்போது கூசுகிறது. அரசாங்கம் இந்த மனிதருக்குச் செலவு செய்யாது என்பதால் குக் அழைத்துவர விரும்பவில்லை, பேங்க்ஸ் தன் செலவில் ஏற்றிக்கொண்டார் என்பதும் அதே பக்கத்தில்தான் இருக்கிறது.

ஆனால் துப்பாயா யார் என்று பாருங்கள். ரயாட்டியா தீவைச் சேர்ந்த பூசாரி, கடலோடி, பசிபிக்கில் பரந்து கிடக்கும் தீவுகளின் திசையையும் தூரத்தையும் மனத்தில் வைத்திருந்தவர். அவர் சொல்லச் சொல்ல வரைந்த வரைபடத்தில் எழுபதுக்கு மேற்பட்ட தீவுகள் இருக்கின்றன. நியூசிலாந்தில் இறங்கியபோது மாவோரி மக்களிடம் அவர் பேசியதும் அவர்களுக்குப் புரிந்துவிட்டது, அவர் இல்லையென்றால் அந்தக் கரையில் இன்னும் அதிக ரத்தம் சிந்தியிருக்கும். அவர் படமும் வரைவார். ஒரு மாவோரி ஆள் பெரிய கடல் இறாலைக் கொடுக்க, எதிரே கோட்டு போட்ட ஓர் ஆங்கிலேயர் துணியைப் பிடித்துக்கொண்டு நிற்கும் ஓவியம் ஒன்று இன்றும் பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கிறது. இரண்டு பேருமே தன் பொருளை இறுகப் பிடித்துக்கொண்டுதான் கை நீட்டுகிறார்கள்! யார் வரைந்தது என்று நீண்ட காலம் தெரியாமல் இருந்தது. வரைந்தவர் துப்பாயாதான் என்று பேங்க்ஸ் 1812-ல் எழுதிய ஒரு கடிதம் 1997-ல் கவனத்துக்கு வந்த பிறகே தெரிந்தது. துப்பாயாவும், அவர் கூட வந்த தயாட்டா என்ற சிறுவனும் படேவியாவில் இறந்துபோனார்கள். சிங்கம் புலியோடு சேர்த்து எழுதப்பட்ட அந்த மனிதர் வெள்ளைக்காரரை எவ்வளவு கூர்மையாகப் பார்த்து வரைந்திருக்கிறார் என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு ஆச்சரியமாக இருக்கிறது.

குக்கின் இரண்டாவது பயணத்துக்கு ஏன் போகவில்லை? (பலர்)

திரும்பி வந்தபோது லண்டனில் குக்கைவிட பேங்க்ஸுக்குத்தான் பேர். மன்னர் மூன்றாம் ஜார்ஜ் அழைத்துப் பேசினார், பெரிய ஓவியர்கள் படம் வரைந்தார்கள், புதுத் தேசத்துக்கு ‘பேங்க்ஸியா’ என்று பெயர் வைக்கலாம் என்று லின்னேயஸ் எழுதினார். இளவயதில் இது தலைக்கு ஏறாமல் இருக்குமா? 1772-ல் ரெசல்யூஷன் கப்பல் தயாரானபோது, இன்னும் பெரிய பரிவாரத்தோடு, இசைக் கலைஞர்கள்கூடச் சேர்த்து, தன் வசதிக்காக மேலே கூடுதல் தளம் கட்ட வைத்தார். கப்பல் மேல்கனமாகி, ஆற்றில் ஓட்டிப் பார்த்தபோதே கவிழும் நிலைக்கு வந்துவிட்டது. கடற்படை கட்டியதையெல்லாம் பிய்த்து எறிந்தது. அதைப் பார்த்து பேங்க்ஸ் துறைமேடையில் நின்று காலை உதைத்துக்கொண்டு பைத்தியம்போலக் கத்தினார் என்று அந்தக் கப்பலில் இருந்த ஒருவர் பின்னாளில் எழுதினார். பயணத்தில் இருந்தே விலகிக்கொண்டார். இதில் நியாயம் முழுக்கக் கடற்படை பக்கம்தான்.

சேர்த்த ஆட்களை வீணாக்காமல் ஐஸ்லாந்துக்குப் போனார். வழியில் ஸ்காட்லாந்தின் ஸ்டாஃபா தீவில் தூண் தூணாக நிற்கும் பாறைக் குகையை அளந்து எழுதினார், ஹெக்லா எரிமலையில் ஏறினார். அதற்குப் பிறகு பெரிய கடல் பயணம் எதுவும் இல்லை.

பச்சை குத்திக்கொண்டாராமே? (பள்ளி மாணவன்)

ஆமாம், தஹிதியில், கையில்.

இந்தியாவுக்கு வந்திருக்கிறாரா? (தரங்கம்பாடிப் பக்கத்து வாசகர்)

வரவில்லை. ஆனால் உங்கள் ஊர் அவர் கதையில் இருக்கிறது. எண்டெவர் கிளம்பிய அதே 1768-ல், லின்னேயஸின் இன்னொரு மாணவரான யோஹான் கெர்ஹார்ட் கோனிக், டேனிஷ் மிஷனின் மருத்துவராகத் தரங்கம்பாடியில் வந்து இறங்கினார். சோழமண்டலக் கரையின் செடிகளை முறையாகப் படித்தவர், ஆற்காடு நவாபிடமும் பிறகு கிழக்கிந்தியக் கம்பெனியிடமும் வேலை பார்த்தார். 1785-ல் இறக்கும்போது தன் கையெழுத்துக் குறிப்புகளை பேங்க்ஸுக்கு என்று எழுதி வைத்தார். அவர் வேலையைத் தொடர்ந்தவர் வில்லியம் ராக்ஸ்பரோ. உள்ளூர் ஓவியர்களை வைத்துச் செடிகளை வரையச் செய்து லண்டனுக்கு அனுப்ப, அவற்றில் இருந்து பேங்க்ஸ் பொறுக்கியெடுத்த 300 படங்கள் 1795 முதல் சோழமண்டலக் கரைத் தாவரங்கள் பற்றிய மூன்று பெரிய தொகுதிகளாக வந்தன. சென்னையில் மருத்துவர் ஜேம்ஸ் ஆண்டர்சன், சாயம் தரும் பூச்சியை வளர்க்கச் சைதாப்பேட்டையில் சப்பாத்திக்கள்ளித் தோட்டம் போட்டு, அது பற்றி பேங்க்ஸுக்குக் கடிதம் எழுதிக்கொண்டிருந்தார். இந்தியாவில் தேயிலை பயிரிடலாம் என்று 1788-ல் கம்பெனிக்கு யோசனை சொன்னவரும் பேங்க்ஸ்தான்.

அந்த 300 படங்களை வரைந்த நம் ஓவியர்கள் யார் என்று கேட்டால், புத்தகத்தில் பெயர் கிடையாது. அதுதான் எனக்கு வருத்தம். பார்க்கின்சனுக்காவது பெயர் மிஞ்சியது.

ஆஸ்திரேலியப் பழங்குடியினருக்கு நடந்த கொடுமையில் அவருக்குப் பங்கு உண்டா? (ஆராய்ச்சி மாணவர்)

உண்டு, கணிசமாக. 1779-ல் நாடாளுமன்றக் குழு கைதிகளை எங்கே அனுப்பலாம் என்று கேட்டபோது, பாட்டனி பே நல்ல இடம், அங்கே ஆட்கள் மிகக் குறைவு, எதிர்ப்பு பெரிதாக இருக்காது என்று சொன்னார். அவர் அங்கே இருந்தது ஒரு வாரம். அந்த வாரத்தின் முதல் நாளே ஈட்டியோடு இரண்டு பேர் எதிர்த்து நின்றதைக் கண்ணால் பார்த்தவர் இதைச் சொன்னார். 1788-ல் கைதிகளோடு வந்த கப்பல்கள் பாட்டனி பேயில் நல்ல தண்ணீரும் மண்ணும் இல்லை என்று பார்த்துவிட்டு, வடக்கே இன்றைய சிட்னி இருக்கும் இடத்துக்குப் போய்விட்டன. குடியேற்றம் மட்டும் நிற்கவில்லை.

அங்கே குடியேறிகளை எதிர்த்து பன்னிரண்டு வருடம் போல் சண்டையிட்ட பெமுல்வுய் என்ற வீரர் 1802-ல் சுட்டுக் கொல்லப்பட்டார். ஆளுநர் கிங் அவர் தலையைச் சாராயத்தில் ஊறவைத்து பேங்க்ஸுக்கு அனுப்பினார். பேங்க்ஸ் மண்டையோடுகள் கேட்டு வாங்கிச் சேகரிப்பாளர்களுக்குக் கொடுப்பவர் என்பதால் அனுப்பினார். அந்தத் தலை இன்றுவரை அந்த மக்களிடம் திரும்பவில்லை.

சீமைப்பலா கதையும் இதே வகைதான். மேற்கிந்தியத் தீவுகளின் கரும்புத் தோட்டங்களில் அடிமைகளுக்கு மலிவாகச் சோறு போட, தஹிதியில் இருந்து சீமைப்பலாக் கன்றுகள் வேண்டும் என்று முதலாளிகள் கேட்டார்கள், பேங்க்ஸ் ஏற்பாடு செய்தார். பவுன்டி என்ற கப்பலைத் தேர்ந்ததிலும், கேப்டனாக வில்லியம் பிளையைப் போட்டதிலும் அவர் கை உண்டு. கேப்டனின் பெரிய அறையையே கன்றுகளுக்கு ஒதுக்கினார்கள். 1789 ஏப்ரலில் மாலுமிகள் கலகம் செய்து கன்றுகளைக் கடலில் எறிந்தார்கள். விடவில்லை, 1793-ல் அதே பிளை இன்னொரு கப்பலில் செயின்ட் வின்சென்ட், ஜமைக்கா வரை கொண்டுபோய்ச் சேர்த்தார். செடியை ஒரு கண்டத்தில் இருந்து இன்னொரு கண்டத்துக்கு உயிரோடு கொண்டுபோவதில் பேங்க்ஸ் அளவுக்குத் தெரிந்தவர் அன்று இல்லை. யாருக்காக, எதற்காக என்ற கேள்வியை அவர் கேட்டுக்கொள்ளவில்லை.

அப்படியானால் அவரிடம் மதிக்க என்னதான் இருக்கிறது? (அதே மாணவர்)

நிறைய இருக்கிறது. 1778-ல் இருந்து 1820-ல் சாகும்வரை, 41 வருடத்துக்கு மேல் ராயல் சொசைட்டியின் தலைவர். லண்டன் சோஹோ சதுக்கத்தில் இருந்த அவர் வீட்டில் நூலகமும் உலர் தாவரங்களும் படிக்க வருகிற எல்லோருக்கும் திறந்திருந்தன, வெளிநாட்டவருக்கும்கூட. கியூ தோட்டத்தை மன்னரின் பூந்தோட்டமாக விடாமல், உலகெங்கும் ஆள் அனுப்பிச் செடி திரட்டும் இடமாக மாற்றினார்.

ஒரு சம்பவத்தை மட்டும் சொல்கிறேன். பிரான்சோடு போர் நடந்துகொண்டிருந்த நேரத்தில் பிரெஞ்சுத் தாவரவியலாளர் லாபில்லார்டியேர் பசிபிக்கில் சேகரித்த செடிகள் முழுவதும் பிரிட்டிஷார் கையில் சிக்கின. அரசி அதிலிருந்து கொஞ்சம் எடுத்துக்கொள்ள ஆசைப்பட்டார். பேங்க்ஸ் அரசாங்கத்தோடு வாதாடி 1796-ல் பெட்டிகளை அப்படியே பிரான்சுக்குத் திருப்பி அனுப்பினார். உயிரைப் பணயம் வைத்துச் சேகரித்த மனிதரிடம் இருந்து ஒரு தாவரவியல் கருத்தைக்கூடத் திருட மாட்டேன் என்ற பொருளில் எழுதினார். போர்க்காலத்தில் இப்படி நடக்க நெஞ்சுரம் வேண்டும். அந்த நேர்மையை அவர் பெமுல்வுய்க்குக் காட்டவில்லையே என்று கேட்பீர்கள். எனக்கும் அந்தக் கேள்வி உண்டு. சக விஞ்ஞானி என்று அவர் கண்ணுக்குத் தெரிந்தவர்களுக்கு மட்டும்தான் அந்த நேர்மை எட்டியது.

மனைவி, குழந்தைகள்? (குடும்பத் தலைவி ஒருவர்)

பயணத்துக்கு முன் ஒரு பெண்ணோடு நிச்சயம் செய்த மாதிரி இருந்து, திரும்பி வந்ததும் கைவிட்டுவிட்டார், அது நல்ல நடத்தை இல்லை. 1779-ல் டோரதியா ஹியூகெசனை மணந்தார், குழந்தைகள் இல்லை. தங்கை சாரா சோஃபியா கடைசிவரை அவர்களோடுதான் இருந்தார். அவரும் பெரிய சேகரிப்பாளர். நாணயங்கள், அழைப்பிதழ்கள், நுழைவுச்சீட்டுகள், கடை விளம்பரங்கள் என்று பிறர் குப்பையில் போடுவதையெல்லாம் சேர்த்து வைத்தார். இன்று அந்தக் கால லண்டன் வாழ்க்கையை ஆராய்கிறவர்கள் அண்ணனைவிடத் தங்கைக்கு நன்றி சொல்கிறார்கள்.

இவ்வளவு சேகரித்தவர் ஏன் புத்தகம் வெளியிடவில்லை? (தாவரவியல் ஆசிரியர், மறுபடியும்)

வெளியிடத்தான் நினைத்தார். பார்க்கின்சன் பாதியில் விட்ட படங்களை வேறு ஓவியர்களை வைத்து முடித்து, 743 செப்புத்தகடுகள் செதுக்க வைத்தார். சோலாண்டர் விவரணைகளை எழுதிக்கொண்டிருந்தார். 1782-ல் சோலாண்டர் திடீரென்று இறந்துவிட்டார். பேங்க்ஸுக்கு அதற்குள் ராயல் சொசைட்டி, கியூ, அரசாங்கக் குழுக்கள், ஆயிரக்கணக்கான கடிதங்கள். நண்பர் இல்லாமல் அந்த வேலையைத் தொட மனம் வரவில்லை என்றுதான் நான் புரிந்துகொள்கிறேன். லின்னேயஸ் முன்பே பயந்தார், இந்தச் செடிகளைப் பூச்சிகள் தின்றுவிடும், உலகத்துக்குக் கிடைக்காமல் போகும் என்று. மாதிரிகள் அழியவில்லை. ஆனால் அறிவியலுக்குப் புதிய நூற்றுக்கணக்கான இனங்களை அடுத்தவர்கள் வெளியிட்டுப் பெயரை எடுத்துக்கொண்டார்கள். மண்ணில் பிடுங்கியவரும் வரைந்தவரும் பின்னுக்குப் போனார்கள்.

அந்தத் தகடுகளில் இருந்து முழு வண்ணத்தில் படங்கள் அச்சானது 1980-க்கும் 1990-க்கும் நடுவில், நூறு பிரதி அளவுக்கு. பார்க்கின்சன் இறந்து இருநூறு வருடத்துக்குப் பிறகு.

அவரைப் பற்றித் தெரிந்துகொள்ள எதில் இருந்து தொடங்கலாம்? (பலர்)

வாழ்க்கை வரலாறுகளுக்குப் போகும் முன் அவருடைய எண்டெவர் குறிப்பேட்டைப் படியுங்கள், இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. எழுத்துப்பிழை நிறைய, நிறுத்தக்குறி அபூர்வம், ஆனால் அன்றன்று பார்த்ததை அன்றே எழுதிய சூடு இருக்கிறது. வரிசையாகப் படிக்கப் பொறுமை இல்லையென்றால் 1769 ஜனவரி பனி இரவு, 1770 மே மாதத்துப் பாட்டனி பே, ஜூன் மாதத்துப் பவளப்பாறை, இந்த மூன்றையும் முதலில் படியுங்கள். பக்கத்திலேயே பார்க்கின்சன் எழுதிய நாட்குறிப்பையும் வைத்துக்கொள்ளுங்கள். அவர் அண்ணன் பேங்க்ஸோடு சண்டை போட்டு 1773-ல் வெளியிட்டது அது. ஒரே கப்பல், ஒரே கரை, ஆனால் சம்பளத்துக்கு வந்தவர் கண்ணில் பட்டது வேறு. செடிகளை நேரில் பார்க்க வேண்டும் என்றால் லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகம். அங்கே போக முடியாதவர்கள் அதன் இணையதளத்தில் பார்க்கின்சனின் ஓவியங்களைத் தேடிப் பார்க்கலாம். முடிக்காமல் விட்ட வரைவுகளைத் தவறவிடாதீர்கள். ஒரே ஓர் இலைக்கு மட்டும் பச்சை தீட்டியிருப்பார்.